கல்லுக்குள் இருந்த மிச்ச விரல்கள்

ஒரு கைக்கு ஏன் ஐந்து விரல்? பள்ளியில் யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். என் அத்தைக்கோ அந்தக் கேள்வி பிறந்தது முதல் கூடவே இருந்தது. அவளுக்கு வலக்கையில் ஆறு விரல்.

அருங்காட்சியகத்தின் பின்னறையில் அவளுக்கு வேலை. பாறையை ஊசியால் சுரண்டி, உள்ளே புதைந்து கல்லாகிப்போன எலும்பை வெளியே கொண்டுவர வேண்டும். கையுறை போடும்போது ஆறாவது விரலைச் சுண்டுவிரலோடு சேர்த்து ஒரே உறைக்குள் திணித்துக்கொள்வாள். கழற்றியதும் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விடும்.

அங்கிருந்த பேராசிரியர் பேச ஆரம்பித்தால் அத்தை வேலையை மறந்துவிடுவாள். வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு, நம் கை எல்லாமே ஒரே அசல் வரைபடத்தின் நகல்கள் என்பார். அந்த அசலைக் கண்ணால் பார்க்க முடியாதாம், அது வெறும் எண்ணமாம். அத்தைக்கு மெய்சிலிர்க்கும். கூடவே சுருக்கென்று குத்தும். அப்படியானால் தான் ஒரு தப்பான நகல்தானே?

ஐந்து விரல் தெரிந்ததும் ஊசியைக் கீழே வைத்துவிடுவது அந்த அறையின் வழக்கம். ஒருநாள், மீனாகவும் இல்லாமல் தவளையாகவும் இல்லாமல் இருந்த ஒரு பழங்காலப் பிராணியின் கை வெளியே வந்தது. ஐந்தாவது விரலும் தெரிந்தது. கை முடிந்தது என்றார் பேராசிரியர். அத்தைக்கு ஓரத்தில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. ஆனால் ஊசி வழுக்கினால் அந்தப் பிராணியின் கை இருக்கிற ஒரே கல்லும் போச்சு, வேலையும் போச்சு. தயங்கித் தயங்கி, இன்னும் கொஞ்சம் சுரண்டட்டுமா என்று கேட்டாள்.

"உனக்கு எதுலயும் ஒண்ணு கூடவே வேணும்போல," என்று சிரித்தார் அவர்.

அத்தை கையுறையைக் கழற்றினாள். "ஆமா சார், எனக்கு ஒண்ணு கூடத்தான். இதுக்கும் இருக்கான்னு பாத்துடலாமே."

அவர் முகம் மாறியது. விளக்கைக் கிட்டே இழுத்துப் பிடித்தார். ஊசி பொடிப்பொடியாகக் கல்லைத் தள்ளியது. ஆறாவது விரல் வந்தது. பிறகு ஏழாவது. எட்டாவது வந்தபோது இருவருக்கும் மூச்சே விடத் தோன்றவில்லை.

"வரைபடம் கல்லுல இல்லம்மா," என்றார் அவர், வானவில்லைப் பார்த்த குழந்தை மாதிரி. "என் தலைக்குள்ளதான் இருந்திருக்கு."

தன் ஆறாவது விரல் அந்தப் பிராணியிடமிருந்து வந்ததல்ல என்று அத்தைக்குத் தெரியும். ஆனால் ஐந்துதான் என்று ஆதியில் யாரும் எழுதிவைக்கவில்லை. பல கோடி ஆண்டு பழைய அந்தக் கையின் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் கை சட்டைப்பைக்குள் போகவில்லை.

கையை மறைத்துக்கொள்கிற யாரையாவது பார்த்தால், அத்தையின் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.