ஒரே இருப்பில் முடிக்க நினைத்த பல்

குழித்துறையில் பல் கிளினிக் நடத்தும் என்னைப் போன்றவளுக்கு நோயாளிகள் இரண்டு விதம். ஊர்க்காரர்கள் வலி உயிர் போகும்வரை வரமாட்டார்கள். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்தவர்களோ வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து, எல்லாக் கல்யாணத்திலும் சாப்பிட்டுவிட்டு, விமானம் ஏற நான்கு நாள் இருக்கும்போது வந்து வாயைத் திறப்பார்கள்.

அன்று வந்தவர் இரண்டாவது விதம். அங்கே வெல்டர். மேல்வரிசைக் கோரைப்பல்லில் வேர் சிகிச்சை.

“எனக்க பிளைட்டு வெள்ளிக்கிழமையாக்கும் டாக்டரே. ஒரே இருப்புல தீத்துத் தந்திருங்கோ.”

தலையாட்டிவிட்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை நுழையாது. நான் நுழைந்ததோ பல்வேரின் துளைக்குள். கிருமியைக் கொல்ல அதில் ஹைப்போகுளோரைட் விடுவோம். துணி வெளுக்கிற பிளீச்சில் இருக்கும் அதே சரக்குதான். வேருக்குள் இருக்கும்வரை மருந்து, நுனியைத் தாண்டினால் சதையைப் பொசுக்கிவிடும். மருந்து விடும் ஊசி துளைக்குள் இறுகியிருந்தது எனக்குத் தெரிந்தது. இறுகினால் மருந்து திரும்பி வழிய இடமில்லை, நுனி வழியாகத்தான் போகும். வெளியே எடுத்துத் திரும்ப வைக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

அவர் அலறினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டது.

உடனே நிறுத்தி, உப்புநீரால் கழுவி, வலிக்கு மருந்து கொடுத்து, ஐஸ் வைத்தேன். சத்தம் கேட்டு உள்ளே வந்த அவர் மனைவியிடம், ‘கிருமி முற்றிய வீக்கம்’ என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. சீ என்றாகிவிட்டது.

“அக்கா, இது எனக்க கைத்தப்பாக்கும். மருந்து வேரத் தாண்டிப் போச்சு. வீக்கம் வத்திரும். பத்து நாளாவது ஆவும்.”

“பத்து நாளா? கம்பெனிக்காரன் வேற ஆள எடுத்துருவானே!”

அந்த அக்கா அழுதார். நடந்ததை நடந்தபடியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பக் கொடுத்தேன். தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்தேன். காப்பி தரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கம்பெனி இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள், வீக்கம் வற்றி, அவர் மனைவியோடு கிளினிக்குக்கு வந்தார். பல் பாதியில் நின்றது. வெறும் உப்புநீரில் கழுவி அடைத்து அனுப்பினால் எனக்குப் பயமில்லை, அவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கிருமி சாகாது. கடல் தாண்டிய இடத்தில் மறுபடி பழுக்கும். அதற்கு நான் சம்மதிப்பதாக இல்லை. எக்ஸ்ரேயில் வேரின் நீளத்தைத் திரும்ப அளந்தேன். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை எடுத்து, நுனிக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிற்கும்படி அதில் ரப்பர் வளையம் மாட்டி அவரிடம் காட்டினேன். இறுக விடாமல் அசைத்துக்கொண்டே, ஆள்காட்டி விரலால் சொட்டுச் சொட்டாக விடுவேன் என்றேன்.

“அதே மருந்தா டாக்டரே?”

“அதே மருந்துதான்.”

என் கையையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம், “நீ வெளிய போய் இரி” என்றார். நாற்காலியின் இரு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்.