மருமகன்மாரும் ஆடலாம்

ஒருவரைக் கிரிக்கெட் அணியிலிருந்து நிறுத்துவதென்றால் அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அவருடைய வீட்டுக்கே வந்து, அவருடைய மனைவி சுட்ட மட்டன் ரோல்ஸில் நாலைந்தை விழுங்கி, தேத்தண்ணியும் குடித்து, கை துடைக்கத் துவாயும் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு சொல்வது அந்த முறை இல்லை. என் கணவரை அப்படித்தான் நிறுத்தினார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ரில். இத்தனை வருடமாகியும் ரோல்ஸுக்கு மா கரைக்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

"தம்பி, இந்தமுறை நீ அம்பயரா நில்லன்," என்றார் தலைவர். என் கணவருடைய ஊர்க்காரர் இங்கே நடத்திய ஊர்ச் சங்கத்தின் தலைவர். "வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிண்டால் நல்ல எடுப்பா இருப்பாய்."

என் கணவர் சிரித்தார். அந்த மனுசன் எதற்கும் சிரிக்கிற ஆள். எனக்குத்தான் தாங்கவில்லை.

"ஏன் அண்ணை, பந்து போட வேறை ஆள் கிடைச்சிட்டுதோ?" என்று குசினி வாசலில் நின்று கேட்டேன்.

"கோவிக்காதை தங்கச்சி. என்ர மருமகன் வந்து சேர்ந்திட்டார். கொழும்பிலை பெரிய கிளப்புக்கு விளையாடினவர். அவரை எப்பிடி வெளியிலை இருத்துறது?"

மருமகனை வெளியில் இருத்த முடியாதாம். எங்கள் வீட்டு மனுசனை இருத்தலாமாம்.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவர் பந்து போட ஓடி வருகிறார் என்றால் மதிலில் ஏறியிருந்து பார்க்க ஆட்கள் வருவார்கள். நான் பக்கத்து ஊர்க்காரி. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு றோட்டுத்தான். எங்கள் ஊர்ப் பொடியன்கள் அவருடைய பெயரைக் கேட்டாலே காறித் துப்புவார்கள், அவ்வளவு விக்கெற் எடுத்திருக்கிறார். கனடாவுக்கு வந்தும் அவர் விடவில்லை. கிழமை நாளெல்லாம் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் ட்ரக்குகளுக்குப் பெட்டி ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமையானால் டேப் சுற்றிய ரெனிஸ் பந்தோடு பார்க்குக்குப் போய்விடுவார். எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம் யார் தந்தார்கள்? சிற்றியிடம் ஒரு பேஸ்போல் மைதானத்தை எடுத்து, அதன் புல்லில் பாய் விரித்து விளையாடுவார்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அணி என்றால் அவர்தான். ஸ்டம்ப், மட்டை எல்லாம் எங்கள் பல்கனியில்தான் கிடந்தன. விளையாடி முடித்து வருகிற அத்தனை பேருக்கும் சோறு போட்டவள் நான். "மற்ற ஊர்க்காரி" என்று என்னை நக்கலடித்துக்கொண்டே தின்றார்கள்.

அந்த வருடங்களில் எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணி நல்ல எழுப்பத்தில் இருந்தது. வேறு ஊர்களில் ஆடிப் பெயரெடுத்த பெரிய நட்சத்திரங்கள், வயது போன காலத்தில், யாரும் நினைத்திருக்காத கனடாவுக்கு வந்து இந்த அணியில் ஆடினார்கள். கோப்பையும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தலைவருக்கு ஞானம் பிறந்தது. எல்லா ஊர்ச் சங்கங்களும் கோடைச் சுற்றுப்போட்டிக்காகக் கூடிய கூட்டத்தில் எழும்பி நின்றார்.

"வெள்ளைக்காரனைப் பாருங்கோ. எங்கையோ விளையாடின ஸ்டார்மாரை, ஓய்வெடுக்கிற வயசிலை இஞ்ச கூப்பிட்டுக் கோப்பை அடிக்கிறான். நாங்கள் மட்டும் ஊரிலை பிறந்தவன்தான் ஆடலாம் எண்டு இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். ஊரிலை பெண் எடுத்தவனும் ஊரவன்தானே? மருமகன்மாரும் ஆடலாம் எண்டு மாத்துவம்."

எல்லோரும் கை தூக்கினார்கள். தூக்காமல் என்ன செய்வது? எங்கள் ஆட்களிடையே மாப்பிள்ளை என்றால் ஓடிப்போய்க் கதிரை இழுத்துப் போடுகிற வழக்கம். கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுப் பக்கம் போய் இருப்பதுதான் எங்கள் பகுதியின் முறை. மருமகனை வேண்டாமென்று சபையில் சொல்ல யாருக்கு வாய் வரும்? தேத்தண்ணித் தட்டோடு பின்னால் நின்ற எனக்கு அப்போதே விளங்கியது, இது தன் மகளின் புருசனை உள்ளே கொண்டுவரப் போட்ட சட்டமென்று. அவரோடு இன்னும் இரண்டு பழைய நட்சத்திர மருமகன்மாரும் சேர்ந்தார்கள். ஒருவருக்கு வயிறு வண்டி வைத்து முன்னால் வந்தது, மற்றவருக்கு முழங்காலில் பட்டி. மூன்று பேர் உள்ளே வந்தால் மூன்று பேர் வெளியே போகத்தானே வேண்டும்.

ரோல்ஸ் தின்ற அன்றைக்கு, தலைவரும் ஆட்களும் போன பிறகு என் கணவர் பல்கனியில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"இந்தக் கோடையோட விடுறதெண்டுதான் இருந்தனான்," என்றார். "ஒரேயொரு ஃபைனல். கடைசி ஓவரைப் போட்டிட்டு, இனிக் காணுமெண்டு நானே சொல்லியிருப்பன். அவை சொல்ல முதல் நான் சொல்லியிருப்பன்."

அந்த மனுசனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். தள்ளிவிடாமல், தானாகப் போக வேண்டும். இதைக்கூட ஒருத்தனுக்குக் கொடுக்க முடியாதா இவர்களால்?

நான் அப்போது ஒரு தையல் ஃபக்ரறியில் வேலை. பக்கத்து மெசினில் ஒரு போர்த்துக்கீசப் பெண். எந்நேரமும் அந்தப் பேஸ்போல் அணியின் தொப்பிதான் தலையில். அங்கே வந்து ஆடிய பழைய நட்சத்திரம் ஒருவரைத் தன் கூடப்பிறந்தவர் மாதிரிச் சொல்லுவாள். நான் எரிச்சலில் என் அரைகுறை இங்கிலீசில் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு, அவளுடைய ஆள் எந்த ஊரென்று கேட்டேன். தெரியாதாம். தேடிப் பார்க்கவும் இல்லையாம். "இங்கே வந்து ஆடினாரே, அப்போ எங்கள் ஆள்," என்றாள். பாருங்கள், அவளுக்கு ஒரு கோடை போதுமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. மருமகன்மாரும் ஆடலாம். அட, என் கணவரும் ஒரு ஊருக்கு மருமகன்தானே! என்னுடைய ஊருக்கு!

என் ஊர் அணி முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிற அணி. அதற்குக் கப்டன் என்னுடைய ஒன்றுவிட்ட அண்ணன். வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, உங்களுக்குப் பந்து போட ஆள் வேணுமோ?"

"ஆர்?"

"உங்கட மச்சான்தான்."

அண்ணா சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அங்கே சரி. வீட்டில்தான் பெரும்பாடு. "உங்கட ஊருக்கோ? உமக்கென்ன விசரே?" என்றார் இவர். அந்தக் கிழமை முழுக்கச் சண்டை. "கறிவேப்பிலை மாதிரித் தூக்கிப் போட்டவங்களுக்கு வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு நிக்கப் போறியளோ? வெக்கமாயில்லையோ?" என்று நானும் விடவில்லை. கடைசியில், என் வாய்க்குப் பயந்தோ ஆசையினாலோ, ஓம் என்றார். எங்கள் ஊரின் பச்சைச் சட்டையை நானே அவருடைய அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

தலைவர் உடனே போன் எடுத்தார். "இது நியாயமோ தங்கச்சி?"

"சட்டம் உங்கட சட்டம் அண்ணை," என்றேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி எடுத்தது.

அந்த நாட்களில் இவர் தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்கத் தொடங்கினார். மேல் தட்டில் இருக்கிற சட்டியை எடுத்துத் தரச் சொன்னால், "நீரே எடும்," என்பார். ஊரை விட்ட கோபத்தை என்னில் காட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் பந்து மட்டும் பழைய பந்துதான். ஒவ்வொரு ஆட்டமாக என் ஊர் வென்றது. பிறந்ததற்கு ஒரு கோப்பையைத் தொட்டறியாத என் ஊர் ஃபைனலுக்கு வந்தது. எதிரே, வேறு யார், அவருடைய ஊர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவின் பாதிச் சனம் அந்தப் பார்க்கில் நின்றது. இவர் பச்சைச் சட்டையோடு இறங்க, அவருடைய ஊர்ப் பக்கத்திலிருந்து கூச்சல். "பொண்டாட்டி ஊருக்குப் போனவர் வாறார், கதிரை போடுங்கோடா!" எங்கள் பல்கனியில் சாப்பிட்ட வாய்கள்தான். எனக்கு ஒவ்வொரு வாயும் தெரியும். யார் இரண்டாம் முறை இறைச்சி கேட்டது என்பதுவரை தெரியும்.

கடைசி ஓவர் வந்தது. அவர்கள் வெல்ல எட்டு ஓட்டம் வேண்டும். மட்டையோடு நின்றவர் தலைவரின் மருமகன். அண்ணா பந்தைக் கொண்டுவந்து இவருடைய கையில் வைத்தார். அவர் ஆசைப்பட்ட ஃபைனல், ஆசைப்பட்ட ஓவர். சட்டை மட்டும் வேறு.

முதல் பந்து மருமகனின் மூக்குக்குக் கீழால் போனது. இரண்டாவது பந்தை அவர் காணவே இல்லை. நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். மூன்றாவது பந்தைப் போட்டுவிட்டு இவர் கொஞ்ச நேரம் குனிந்து நின்றார். சப்பாத்துக் கயிறு கட்டுகிறார் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு வந்த பந்து, குழந்தைப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி, தொய்ந்து போய் விழுந்தது. மருமகன் அதைப் பேஸ்போல் வலைக்கு மேலால் அடித்தார். சிக்ஸர். அடுத்த பந்தும் அப்படித்தான் வந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது.

என் ஊர்ப் பக்கம் கதிரைகளை மடிக்கத் தொடங்கினார்கள். பிறகு எனக்குப் பின்னால் ஒருத்தர், "விட்டுக் குடுத்திட்டான்," என்றார். இன்னொருத்தர், "துரோகி," என்றார். ஊரில் துரோகி என்று ஆட்களைச் சுட்ட அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அண்ணா என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டம்பைப் பிடுங்கப் போனார்.

இதைவிடக் கேவலம் மைக்கில் வந்தது. தலைவர் கோப்பையை வாங்கிவிட்டு, "எங்கட தம்பிக்குப் பிறந்த ஊருக்கு எதிராப் பந்து போட மனம் வரேல்லை பாருங்கோ! ஊர்ப்பற்றெண்டால் உதுதான்!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். இறங்கி வந்து இவரைக் கட்டிப்பிடித்து வலது தோளில் ஓங்கி ஓங்கித் தட்டினார். இவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது. பார்த்தீர்களா, ஊர்ப்பாசம் என்றது சனம். கைதட்டியது.

காரில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். வெளியே இன்னும் வெயில். "இஞ்சரும்," என்றார், "இந்தச் சட்டையை ஒருக்காக் கழட்டிவிடும். கை எழும்புதில்லை."

கையைத் தூக்கப் பார்த்தேன். மனுசன் அலறிவிட்டார். தோள் ஒரு பக்கமாக இறங்கி வீங்கிக் கிடந்தது. தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்து, நான் தைத்த பச்சைச் சட்டையை நானே கழுத்திலிருந்து கைவரை வெட்டினேன்.

"எப்ப நடந்தது?"

"மூண்டாவது பந்து. உள்ளுக்கை என்னவோ அறுந்த மாதிரி. பெட்டி தூக்கித் தூக்கி முதலே பழுதாப் போச்சு. வசந்தத்திலையே டொக்டர் விளையாட வேண்டாமெண்டவர்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை? நாசமாப் போன பந்தை வேறை ஒருத்தனிட்டைக் குடுத்திருக்கலாமெல்லோ?"

"குடுத்தால் கை போச்செண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"இப்ப உங்களைத் துரோகி எண்டெல்லோ சொல்லுறாங்கள்!"

"சொல்லட்டும். இவன் முடிஞ்சான் எண்டு சொல்லுறதுக்கு உது பறவாயில்லை," என்றார். "நீரும் ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது."

நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டும்வரை கத்தினேன். அவரைத் திட்டினேன், தலைவரைத் திட்டினேன், வெயர்ஹவுஸைத் திட்டினேன், என் ஊரையும் விடவில்லை. ஆனால் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

ஒப்பரேசன் செய்தும் கை எழும்பவில்லை. வெயர்ஹவுஸ் வேலை போனது. வேறு நல்ல வேலை கிடைத்தது என்று எல்லோருக்கும் இவரே சொல்லித் திரிந்தார். என் ஊர்க்காரர் கலியாண வீட்டில் கண்டாலும் தலையைத் திருப்பினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்த கோடைக்கு முன், தலைவர் போன் எடுத்தார். தேன் ஒழுகுகிற குரல்.

"தங்கச்சி, இந்தமுறை கோடை விழாவிலை தம்பியைக் கௌரவிக்கப் போறம். ஊரை விட்டுக்குடுக்காத பிள்ளையெல்லோ. மேடையிலை கூப்பிட்டுப் பொன்னாடை போர்க்கப் போறம்."

இவர் குசினியில் நின்று இடது கையால் தேத்தண்ணிக்குச் சீனி கலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது.

"போர்க்கிறதுக்கு அவருக்குத் தோளில்லை அண்ணை," என்றேன். "போன வருசம் உங்கட மருமகனுக்குப் போட்ட மூண்டாவது பந்தோட அது போயிட்டுது. அவர் ஒருத்தருக்கும் ஒண்டும் விட்டுக் குடுக்கேல்லை. உங்கட பொன்னாடையை எதிலை போர்ப்பியள்?"

போனை வைத்தேன்.

கரண்டியின் சத்தம் நின்றிருந்தது. "இனி எல்லாருக்கும் தெரிஞ்சிடும்," என்றார் இவர், கோப்பையைப் பார்த்தபடி.

"தெரியட்டும்," என்றேன்.