பதினேழரைச் சுற்று

எங்கள் அம்மா வைகுண்டப் பதவி அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு மகளாகிய நான்தான் எழுத வேண்டும் என்று மாமா சொல்லி மூன்று மாதமாயிற்று. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். பிறப்பு, வளர்ப்பு, பாசம், பண்பு என்று வரிசையாக எழுதினால் அது எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்திவிடுகிறது. எங்கள் அம்மாவோ நான் காரின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தபோது பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர். அதை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே, கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில், தேங்காய் வியாபாரம் செய்துவந்த வீட்டில் கடைசி மகளாகப் பிறந்தார் அம்மா. முற்றத்தில் எப்போதும் தேங்காய் குவிந்து கிடக்குமாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எண்ணிப் போடுகிற வேலை அம்மாவுடையது. இரண்டு கையிலும் இரண்டிரண்டாக எடுத்து வீசிக்கொண்டே, அண்ணனோடு சண்டையும் போட்டுக்கொண்டே எண்ணுவாராம். ஒரு தேங்காய் கூடாது, குறையாது. அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. படி ஏறினால் எண்ணுவார், தோசை சுட்டால் எண்ணுவார். நான் குளித்து முடித்து வெளியே வரும்போது எத்தனை கப் தண்ணீர் ஊற்றினேன் என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். எண்ணுகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு பெரிய பேறு என்று பின்னால்தான் தெரிந்தது.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவைக் கைப்பிடித்து எங்கள் ஊருக்கு வந்தார். அப்பா வளைகுடாவில் லாரி ஓட்டியவர். திரும்பி வந்ததும் ஆசைப்பட்டு ஒரு பழைய சிறிய கார் வாங்கினார். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அப்பா திடீரென்று மறைந்துவிட்டார். கார் தார்ப்பாய்க்குள் எட்டு மாதம் நின்றது. விற்றுவிடச் சொல்லாதவர் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் அம்மா நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப்போய் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். வீட்டில் பழகிய முதல் வாரம் பக்கத்து வீட்டு வேலியில் இரண்டு கம்பு முறிந்தது. மறுநாள் காலையில் அம்மாவே கம்பு வெட்டிக் கொண்டுபோய் நட்டுக் கொடுத்தார். வேலி முறிந்த அந்த வீட்டு மதினிதான் பிறகு பிரசவ வலியோடு எங்கள் காரில் ஏறிய முதல் ஆள். எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் பிறக்கப் போனது அந்த வண்டியில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னிருக்கையில் நெருக்கியடித்து நான்கு ஆச்சிமார், நாங்கள் கும்பிடும் அய்யாவின் பதிக்குப் போவார்கள். வண்டியில் இடம் இல்லை என்று அம்மா யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

பதினொரு வருடம் இப்படி ஓடியது. பிறகு ஸ்டியரிங் கெட்டது. குழியில் விழுந்தால் கடகடவென்று சத்தம். கொஞ்சம் வேகம் பிடித்தால் வளையம் கையில் நடுங்கும். வண்டி தானாக இடப்பக்கம் இழுக்கும். ஒரு பட்டறையில் காட்டினோம். ஸ்டியரிங் பெட்டியையே மொத்தமாக மாற்ற வேண்டும், இந்தப் பழைய வண்டிக்கு அது வேண்டாத வேலை என்று சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. தங்கை தனியாக வண்டி ஓட்டிப்போவது அவருக்கு என்றைக்குமே வயிற்றில் நெருப்புத்தான். கருங்கல் ஊரில் வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் வந்து தாமே எடுத்துப் போவதாக ஏற்பாடு.

அம்மா அண்ணனை எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "வண்டி போனா போட்டு மக்கா. ஆனா இனி எங்க போணும்னாலும் ஒருத்தருக்க முகத்தப் பாத்து நிக்கணும், கேட்டியா."

அதற்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் மெக்கானிக்கல் படித்தவள். அப்போது இரண்டாவது வேலையை விட்டுவிட்டு, மூன்றாவது கிடைப்பதற்கு முன் வீட்டில் இருந்தேன். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து வரும் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கிற மூட்டுத்தான் தேய்ந்து கிடந்தது. டை ராடு எண்டு என்பார்கள். நம் முழங்கை மூட்டு மாதிரி ஒரு சின்னச் சாமான், பக்கத்துக்கு ஒன்று. நாகர்கோவிலில் ஒரு உதிரிபாகக் கடையில் ஒரு ஜோடி வாங்கினேன். எங்கே மாட்டப் போகிறாய் என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். வீட்டில் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவரோ உள்ளே போய், வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இரண்டை எடுத்து வந்து, வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே தலையைக் கொடுக்காதே என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். அம்மா பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். நான் வைத்த கல்லை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதாக வைத்தார். பிறகு சாக்கை விரித்து, சின்ன உள்ளியை முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்தார். இந்த மூட்டு கம்பியின் மரையில் திருகி நிற்பது. பழையது எவ்வளவு உள்ளே நின்றதோ, புதியதும் அதே அளவு நிற்க வேண்டும். அளவு மாறினால் சக்கரம் கோணிக்கொள்ளும், வண்டி ஒரு பக்கமாக ஓடும். அதனால் கழற்றுவதற்கு முன் கம்பியில் ஒரு அடையாளம் போட வேண்டும். வெள்ளைப் பெயிண்ட் தேடினேன், கிடைக்கவில்லை. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. பூஜை அலமாரியில் நாமப் பெட்டி கண்ணில் பட்டது. திருமண்ணை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் குழைத்து, துருப்பிடித்த கறுப்புக் கம்பியில் பளிச்சென்று ஒரு கோடு இழுத்தேன். இதைவிட நல்ல அடையாளம் உண்டா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பிறகு பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, சுத்தியலால் நான்கு தட்டுத் தட்டி மூட்டை விடுவித்தேன். மரையிலிருந்து சுற்றிச் சுற்றி எடுத்தேன். பக்கத்தில் அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அய்யாவைக் கூப்பிடுகிறார் என நினைத்துக்கொண்டேன். மூட்டைக் கம்பியோடு இறுக்கும் நட்டையும் பின்னால் தள்ளி, கோட்டைத் தொடாமல் கம்பிமேல் இருந்த துருவையெல்லாம் துலக்கிவிட்டு, கஞ்சி குடிக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் கோட்டைக் காணவில்லை. அம்மா ஈரத் துணியால் கம்பியைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்.

"ஏட்டி, இது அய்யாவுக்க நாமமாக்கும். நெத்தியில இடுகது. கிரீசும் சேறும் பிடிச்ச இரும்புல இட்டா கொள்ளுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் மாமா வரப்போகிறார். மூட்டு நிற்க வேண்டிய இடம் துணியோடு போய்விட்டது. தெரியாவிட்டால் தொடாமல் இருக்க வேண்டியதுதானே, உன்னால்தான் வண்டி போகப்போகிறது என்றெல்லாம் பெற்ற தாயிடம் பேசினேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. உரித்த உள்ளியை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பதினேழர," என்றார்.

"என்னது?"

"நீ சுத்தி எடுத்தது. பதினேழு முழுசு, பின்ன ஒரு அர. பேச்ச விட்டுட்டு மாட்டு."

கழற்றும்போது எண்ணிக்கொள்ள வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கோடு இருக்கிறதே என்ற தைரியத்தில் நான் எண்ணவில்லை. யாரும் சொல்லாமல் எண்ணியவர் அம்மா. அந்த வினாடி அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். கை முழுக்க கிரீசு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்து மாட்டினேன். பதினேழு முழுச் சுற்று, ஒரு அரை. நட்டை இறுக்கி, புதுப் பின் செருகி, அதன் காலை மடக்கினேன். அடுத்த பக்கத்தை இருவரும் சேர்ந்து சத்தமாக எண்ணினோம். தெருவில் போன ஒரு சித்தி நின்று, அம்மையும் மகளும் காருக்கு என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மாமா வந்தார். முற்றத்தில் கிடந்த பழைய மூட்டுகளைக் காலால் உருட்டிப் பார்த்தார்.

"அம்மையும் மவளும் வண்டியப் பிரிச்சா போட்டிருக்கிய?"

அம்மா முன்கதவைத் திறந்து, ஏறும்படி கையைக் காட்டினார். நான் பின்னால் ஏறினேன். தெருவில் இரண்டு முறை மெதுவாக வளைத்துப் பார்த்துவிட்டு, சக்கர நேர் பார்க்கும் கடைக்கு வண்டியை விட்டார். மாமா மேலே இருந்த பிடியை விடவேயில்லை. கடைக்காரர் மிஷினில் ஏற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் மயிரிழை திருப்பினால் போதும் என்றார். எந்தப் பட்டறையில் மாட்டியது என்றும் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"எனக்க மவ மாட்டுனா. எண்ணுனது நான்."

வரும்போது, சாலை நேராக ஓடும் இடத்தில், முன்னும் பின்னும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அம்மா இரண்டு உள்ளங்கையையும் வளையத்திலிருந்து ஓர் இஞ்ச் தூக்கினார். வண்டி நூல் பிடித்த மாதிரி ஓடியது. கையை வை ஏட்டி என்று மாமா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அவர் கருங்கலுக்குப் போன் போட்டார். "வண்டி கெடைக்காது, கேட்டியா. அதுக்கு ஆளு இருக்கு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பதிக்குப் போகும் ஞாயிறுகளில் முன்னிருக்கை மாமாவுக்கு என்று ஆயிற்று.

அதன் பிறகும் இரண்டு வருடம் அம்மாவே ஓட்டினார். பின்னர் நோய் வந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குப் போகவர நான் ஓட்டினேன். அம்மா பக்கத்தில் இருந்தார். ஒருநாளும் நோயைப் பற்றிப் புலம்பவில்லை. வழியிலுள்ள வேகத்தடைகளை எண்ணுவார். போகும்போது எண்ணியதும் வரும்போது எண்ணியதும் ஒத்து வந்தால் ஒரு திருப்தி. இனி அலைய வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று அம்மா எண்ணவில்லை. கண்ணை மூடியே வந்தார். நாகர்கோவில் தாண்டி எங்கள் சாலை நேரான இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கைய எடு மக்கா. நேரா போவுதான்னு பாக்கட்டு."

வேகத்தைக் குறைத்து, எதிரே யாரும் இல்லை என்று பார்த்து, கையைத் தூக்கினேன். அம்மா மெதுவாக எண்ணினார். ஏழு வரை வந்தார். "போதும், பிடி," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஒன்பதாம் நாள் விடியலில், நெற்றியில் நாமத்தோடு, எங்கள் கையிலேயே அமைதியாக அடங்கினார். அய்யா வழியின் முறைப்படி எங்கள் தோட்ட விளையிலேயே வடக்கு நோக்கி அமர்த்தி அடக்கம் செய்தோம்.

நோயுற்ற நாட்களில் முறை வைத்து வந்து அம்மாவுக்குத் தலைவாரிவிட்ட தெருப் பெண்களுக்கும், தினமும் ஊசிபோட நடந்தே வந்த நர்ஸ் அக்காவுக்கும், ஸ்டாண்டைத் திருப்பிக் கேட்காத உதிரிபாகக் கடை அண்ணாச்சிக்கும், தங்கையை நம்பிக் காரில் ஏறிய, எல்லாச் சடங்கையும் தோளில் சுமந்த மாமாவுக்கும், பதினாறாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த உறவுகளுக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. எண்ணிப் பார்த்தேன், விட்டுப் போன பெயர்கள் இன்னும் நிறைய. அம்மாவாக இருந்தால் ஒருவரையும் விட்டிருக்க மாட்டார்.

கார் வீட்டில்தான் நிற்கிறது. நானும் இங்கேயே வேலை தேடி வந்துவிட்டேன். ஞாயிறுகளில் ஆச்சிமார் வழக்கம்போல ஏறிக்கொள்கிறார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் யாருக்கும் பிரசவத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பதிக்கோ போக வேண்டியிருந்தால் வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுங்கள். இடம் இருக்கும். வண்டி நேராகத்தான் போகும்; அதற்கு எங்கள் அம்மா பொறுப்பு.

அய்யா உண்டு.

நன்றியுடன்,
மகள்