காசிராஜனின் ஆறாவது ஃபேடர்

தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் தேடினாலும் காசிராஜனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்க மாட்டான். செம்பூரில் ஓர் ஆபீஸில் எலக்ட்ரீஷியன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான். மீன் சாப்பிட உட்கார்ந்தால் எடுத்த முள்ளையே இரண்டு தரம் தேடுவான். நாங்கள் எல்லோரும் அவனைக் கேலி செய்வோம், நான் கொஞ்சம் அதிகமாகவே.

அவன் பயத்துக்குப் பெரிய காரணம் அவன் மனைவி மகேஸ்வரி. எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுப் பாடுகிறவள். சின்ன வயதுக் காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது காது ஒன்றுதான். உடுக்கும் குடமும் முழங்கும்போது தன் குரல் தனக்குக் கேட்பதற்காக அதில் ஒரு இயர்போன் செருகிக்கொள்வாள். அதற்குள் எவ்வளவு சத்தம் போக வேண்டும் என்பது காசிராஜன் பொறுப்பு.

முந்தைய கொடையில் மஞ்சள் நீர் தெறித்து, மைக் சத்தங்களைக் கலந்து அனுப்பும் மிக்சர் ஒன்று பாழானது. அதனால் புதிதாக வாங்கிய டிஜிட்டல் மிக்சரை மாடியில் கமிட்டி அறைக்குள் வைத்துப் பூட்டினோம். கீழே மேசை மேல், சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் கீழும் நகர்த்தும் எட்டு ஃபேடர் கொண்ட சின்னப் பெட்டி. பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு வயர்.

"இதுல சத்தம் போவாது அண்ணாச்சி, நம்பர்தான் போவும். மிடின்னு பேரு" என்றான் காசிராஜன். "ஃபேடர நகத்துனா, அது நிக்க எடத்த நம்பரா சொல்லும். மிக்சர் சட்டுனு அந்த எடத்துக்குத் தாவிரும். தொடாத வரைக்கும் இது எங்க நிக்குன்னு அதுக்குத் தெரியாது."

நான் கமிட்டிச் செயலாளர். தலையை ஆட்டினேனே தவிர எதுவும் மனதில் ஏறவில்லை.

இந்த வருஷம் மதியக் கொடை. வில்லுப்பாட்டு தொடங்குமுன் வில், குடம், உடுக்கு எல்லாவற்றையும் அம்மன் முன்னால் வைத்துச் சந்தனம் பூசுவது வழக்கம். நான் அந்தப் பெட்டியையும் கழற்றித் தூக்கிக்கொண்டு போனேன். காசிராஜன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி!"

"அம்மனுக்குக் காட்டாத சாமான வச்சு எப்படிலே வேல பாக்கது? ஒரு கோளாறும், ஒரு லோச்சாவும் ஆவாது, போ."

பூசாரி பூலோகம் ஒவ்வொரு ஃபேடருக்கும் கீழிருந்து மேலாகச் சந்தனத்தை இழுத்துப் பூசினார். நான் திருப்திப்பட்டுக்கொண்டு, பெட்டியை மேசையில் வைத்து வயரை மாட்டினேன். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. வில் தொடங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த காசிராஜன் பெட்டியைப் பார்த்தான். எட்டு ஃபேடரும் உச்சியில் நின்றன. அவன் முகம் வெளிறிவிட்டது.

"யாரும் தொட்டுராதீங்க! ஆறாவது மகேசு காதுக்குப் போறது. காலைல நடுவுல வச்சிருந்தேன். இப்பத் தொட்டா உச்சத்துக்குத் தாவிரும். வயர உருவிட்டு எல்லாத்தையும் எறக்கி வச்சிருதேன்."

பெட்டியிலேயே உருவியிருக்கலாம். ஆனால் அங்கும் சந்தனம் அப்பியிருந்தது. பிடுங்கும்போது விரல் ஃபேடரில் பட்டுவிடும் என்று பயந்து, மேசைக்கு அடியில் இருந்த இணைப்பைத் தேடி ஊர்ந்து போனான்.

அந்த நேரம் பார்த்துச் சாமியாடிக்குச் சாமி வந்துவிட்டது. வந்த சாமி அவரை விட்டு மலையேறும் வரை பாட்டு நிற்கக் கூடாது. மகேஸ்வரி வில்லை அடித்துக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்து, காதைத் தொட்டு, கையைக் கீழே தாழ்த்தினாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள்.

உச்சியில் இருப்பதைக் கீழே இழுத்தால் குறையத்தானே செய்யும்? அப்படித்தான் நினைத்தேன். ஆறாவது ஃபேடரைப் பிடித்து இழுத்தேன். சந்தனத்தில் சிக்கி ஒரு நூல் அளவுதான் இறங்கியது.

மகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வில்லை அடிக்கும் வீசுகோல் ஒன்று கையிலிருந்து தெறித்து விழுந்தது. இயர்போனைப் பிய்த்து எறிந்தாள். சத்தம் அவள் காதுக்குள் மட்டும் பாய்ந்து, வெளி ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காததால் கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவள் கோலை எடுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடியும் பாடினாள்.

காசிராஜன் வயரோடு வெளியே வந்தான். அவளைப் பார்த்தான். சந்தனம் ஒட்டிய என் விரலைப் பார்த்தான்.

"பாடுதாள்லா? ஒன்னும் ஆவல லே" என்றேன்.

"பாட்டு அவளுக்கு மனப்பாடம் அண்ணாச்சி. காது கேக்காட்டியும் பாடுவா."

சாமியாடி அரிவாளோடு சுழன்றுகொண்டிருந்ததால் அவளிடம் போக முடியவில்லை. இருபது நிமிஷம் நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் தாளம் ஒரு இடத்தில் உடுக்கை முந்தியது, பிறகு பிந்தியது. காசிராஜன் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாமி மலையேறியது. உடுக்கு ஓய்ந்தது, குடம் ஓய்ந்தது, பக்கப்பாட்டுக்காரர்களும் நிறுத்தினார்கள். மகேஸ்வரி மட்டும் கண்ணைத் திறக்காமல் வில்லை அடித்துத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

காசிராஜன் ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்தான். அவள் கண்ணைத் திறந்து, அவன் உதடு அசைவதையே உற்றுப் பார்த்தாள். பிறகு, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"உடுக்கு நின்னுட்டா?"