கீழ்ப்படியில் நின்றவர்

கட்டில், மேசை, அலமாரி விற்கும் அந்தக் கடையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பீரோதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரும்பு பீரோவை ஒரே ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாராம். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். நிஜமாகவே தூக்கினீர்களா என்று யாராவது கேட்டால், "காலி பீரோதான்யா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

அவருக்கு வேலையில் ஜோடி, மச்சான். மனைவியின் தம்பி. மாடிக்கு ஒரு அலமாரியை ஏற்ற வேண்டுமென்றால் மேலே ஒருவர் பின்னோக்கிப் படியேற வேண்டும், கீழே ஒருவர் கனத்தைத் தாங்கிக்கொண்டு வர வேண்டும். கீழே நிற்பது எப்போதும் பீரோ. கீழே இருப்பவருக்கு மூக்குக்கு நேரே பலகைதான் தெரியும். படி தெரியாது, திருப்பம் தெரியாது. மேலே இருப்பவர் சொல்லச் சொல்லத்தான் கால் எடுத்து வைக்கலாம். "படி இருக்கு மாமா... இன்னொண்ணு... இடது பக்கம் சுவரு, இடிச்சிடாதீங்க." மச்சான் மற்ற நேரங்களில் வாயே திறக்காத ஆள். படிக்கட்டில் மட்டும் மூச்சு விடாமல் பேசுவார்.

அன்று மழை. பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் புத்தக அலமாரி. குறுகலான படி, இரண்டாம் மாடி. திருப்பத்தில் பீரோவின் கால் ஈரத்தில் வழுக்கியது. அலமாரி மொத்தமும் அவர் மேல் சரிந்தது. அப்படியே திரும்பி முதுகைக் கொடுத்துச் சுவரோடு சுவராக நின்றுகொண்டார். இடுப்புக்கு மேலே ஏதோ 'சுளீர்' என்றது. மேலே வாசலில் நின்று பார்த்த டீச்சர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, "உக்காருங்க, முதல்ல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று பீரோவுக்குத் தோன்றிவிட்டது. நின்றபடியே குடித்துவிட்டு, அலமாரியையும் மேலே ஏற்றி முடித்தார். கடையில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி படுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. மனைவி தோளைப் பிடித்துத் தூக்க, வலியில் கத்திவிட்டார். அந்த வீட்டில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

கடை மேற்பார்வையாளர் போனில் ஒரே பிடியாக நின்றார். "நேத்து நல்லாத்தானே போனீங்க? வீட்ல எதையாவது குனிஞ்சு எடுத்திருப்பீங்க. இதைப் போய் வேலையில பட்ட அடின்னு எப்படி எழுதுறது?"

வேலையில் அடிபட்டவர்களுக்கு வைத்தியச் செலவைத் தரும் அலுவலகம் ஒன்று இருந்தது. அவர்கள் சொன்ன டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். "இதுக்கு முன்னாடி முதுகுல வலி இருந்திருக்கா?"

"தூக்குற வேலைதானே டாக்டர், வலி இல்லாம இருக்குமா?" என்றார் பீரோ. ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். அதுவே வினையாகிவிட்டது. முன்பே வலி இருந்திருக்கிறது, வயதால் வந்த தேய்மானம், ஸ்கேனும் பிசியோதெரபியும் எங்கள் கணக்கில் வராது என்று பதில் வந்தது. டாக்டர் அவரைத் திரும்பி நிற்கச் சொல்லவில்லை, சட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. முதுகு வலி என்று போனவரின் முதுகை யாருமே தொட்டுப் பார்க்கவில்லை. பீரோவுக்கு ஆறாத விஷயம் அதுதான்.

மெத்தை ஆகாது என்று கூடத்தில் போர்வை விரித்துப் படுத்தார். ஊருக்கெல்லாம் கட்டில் போட்டவர் தரையில் கிடந்தார். மனைவி பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போனவள். சாயங்காலம் வந்து அவரைப் புரட்டி எண்ணெய் தேய்க்கும்போது சொல்லுவாள்: "பீரோன்னு பேரு வச்சாங்க, பொருத்தமாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டாத்தான் நகத்த முடியுது." இருவரும் சிரிப்பார்கள். சிரித்தால் முதுகு வலிக்கும்.

அவள் வேலைக்குப் போன பிறகு, பகல் நீளமாகக் கிடக்கும். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வார். கடை வண்டி இரண்டாவது கியருக்கு மாறும்போது செருமும். அந்தச் செருமல் அவருக்குத் தெரியும். வேலைக்காக ஏங்கினார் என்றால் பாதிதான் சரி. அவர் ஏங்கியது வீடுகளுக்கு. முன்பின் தெரியாத வீடுகளின் கதவு திறக்கும். ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கும் மணம், இன்னொன்றில் புதுச் சுண்ணாம்பின் நெடி. கட்டில் வந்ததும் ஏறிக் குதிக்கும் பிள்ளைகள். எங்கே போடலாம் என்று சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் இவரிடமே தீர்ப்புக் கேட்கும் புதுத் தம்பதிகள். ஜன்னல் பக்கம் தலை வைக்கிற மாதிரி போடுங்க, காத்து வரும் என்பார். இப்போது ஒரே வீடு, ஒரே கூரை.

எல்லாவற்றையும்விட, படிக்கட்டில் வழி சொன்ன அந்தக் குரலுக்கு ஏங்கினார். மச்சான் வரவே இல்லை.

தொழிலாளர் சங்கத்தில் வழக்குப் பார்க்கும் அம்மா ஒருத்தி வீட்டுக்கே வந்து விவரம் கேட்டாள். "அடிபட்டப்போ பாத்தவங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும். விசாரணையில நிக்கும். யாராவது இருக்காங்களா?"

"இருக்கானே! என் கூடப் பொறந்தவன்!" என்று மனைவி பொரிந்தாள். "மேல இருந்ததால நான் ஒண்ணும் பாக்கலன்னு மேற்பார்வையாளர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டானாம். நான் போய் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்."

"வேணாம்," என்றார் பீரோ.

"ஏன் வேணாம்?"

"கைக்குழந்தை வச்சிருக்கான். வாயத் திறந்தா வேலை போயிடும். அவனைக் கேக்கக் கூடாது. என் மேல சத்தியம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று முழுக்கப் பாத்திரங்கள்தான் பேசின.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு, பீரோ இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு டீச்சர் வீட்டைத் தேடிக் கிளம்பினார். பஸ்ஸில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே போனார். வீட்டு எண் நினைவில்லை, தெருப் பெயரும் இல்லை. ஆனால் ஏறி இறங்கிய படிக்கட்டு எதுவும் அவருக்கு மறந்ததில்லை. விசாரித்து விசாரித்து, நின்று நின்று, அந்தக் குறுகலான படியைக் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்தார். கையில் ஒன்றுமில்லாமல் ஏறுவது இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கதவைத் திறந்த டீச்சர் பார்த்ததுமே, "ஐயோ, நீங்களா! நீங்க எதுக்கு ஏறி வந்தீங்க?" என்றார். "நான்தான் வரேன்னு சொல்லியிருந்தேனே!"

பீரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்ககூட வந்தாரே, உயரமா, பேசாம இருப்பாரே, அவர்கிட்டத்தான். போன வாரம் வந்து, தயங்கித் தயங்கி நின்னாரு. 'எங்க மாமா உங்க வீட்டுப் படியிலதான் அடிபட்டாரு டீச்சர். என்னால சொல்ல முடியாத நிலைமை. நீங்க பாத்தீங்க, நீங்க சொல்லணும்'னாரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அழுதுட்டாரு. நான் கட்டாயம் வரேன், யாரைப் பாக்கணும்னு கேட்டுச் சொல்லுங்கன்னேன். அப்புறம் ஆளைக் காணோம்."

பீரோ சுவரில் சாய்ந்துகொண்டார். டீச்சர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இந்த முறை உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரை உட்கார்ந்தபடியே குடித்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சங்கத்து அம்மா டீச்சரைப் போய்ப் பார்த்தாள். விசாரணையில் டீச்சர் வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி, வழுக்கியதையும் தாங்கியதையும் முகம் வெளுத்துப் போனதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கடைத்தரப்பு வக்கீல் குறுக்கே பேசப்போக, "நான் முடிச்சிடுறேன்" என்று அவரையும் உட்கார வைத்தார். ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் உத்தரவு வந்தது.

பிசியோதெரபிக்காரி சின்ன வயசுப் பெண். முதல் நாள் அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பை ஒட்டிக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்கதானே?"

"அங்கதாம்மா," என்றார். முகத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டார். வலி அதிகமோ என்று அவள் கையை எடுத்தாள். "எடுக்காதம்மா, கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அந்த வார இறுதியில் மச்சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அக்கா குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"மாமா..." என்று ஆரம்பித்து மச்சான் நிறுத்திக்கொண்டார்.

"டீச்சர் எல்லாம் சொன்னாங்க," என்றார் பீரோ. "உள்ள வா."

"அக்கா?"

"இன்னும் ரெண்டு நாள் திட்டுவா. வாங்கிக்க. எனக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

சிகிச்சை முடிய மாதங்கள் ஆயின. நடக்க முடிந்தது, குனிய முடிந்தது, கட்டிலுக்கும் திரும்பிவிட்டார். கனம் தூக்குவது மட்டும் இனி கூடவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரணையில் தோற்ற கடைக்கு அவரை விலக்கவும் வழியில்லை. கிடங்கில், எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று பிரித்து அனுப்பும் வேலை கொடுத்தார்கள். நாற்காலி, மின்விசிறி, போன்.

நல்ல வேலைதான், எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவரும் ஆமாம் என்றார். காலையில் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும்போது மட்டும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். மச்சான் புது ஜோடியோடு வண்டியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து கை காட்டுவார். கயிறு கட்டிய மெத்தைகள், துணி சுற்றிய ஒரு ஆள் உயரக் கண்ணாடி, கால் கழற்றிய மேசை, எல்லாம் குலுங்கிக்கொண்டே தெருமுனைக்குப் போய்த் திரும்பும். திரும்பிய பிறகும் அவர் நின்றுகொண்டே இருப்பார். உள்ளே போன் அடித்து அடித்து ஓய்ந்து மறுபடியும் அடிக்கும். "வரேன், வரேன்" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே, வெறும் கையை வீசிக்கொண்டு உள்ளே போவார்.