அம்மன் கோயில் தராசில் ஏறிய நான்

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் மனையியல் படித்துக்கொண்டிருந்த நான், ஆய்வுக்காகக் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்குப் போய்வந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், என்ன எடை இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையையும் தொடக்கூடாது என்று எங்கள் பேராசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

எடை மெஷினைப் பஸ்ஸில் சுமந்து வந்தது போதாதென்று, நெசவாளர் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தறிச் சத்தத்துக்கு மேலே நான் கத்த, அவர்கள் சிரிக்க, கையெழுத்தும் கைநாட்டுமாகச் சம்மதம் நன்றாகவே சேர்ந்தது. ஒரு அம்மாவிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

"வாணாம்மா. இவளுக்கு அம்மை போட்டுப் பொழைப்பாளான்னு இருந்தப்போ, எடைக்கு எடை வெல்லம் தரேன்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன். வர்ற ஆடி வெள்ளிக்குத்தான் செய்யப்போறோம். அதுக்கு முன்னாடி வேற தராசுல ஏத்தலாமா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்தத் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஏற்கெனவே சம்மதித்த தாய்மார்களும், "அந்த அக்கா முதல்ல செய்யட்டும்மா, பொறவு பாத்துக்கலாம்" என்று பின்வாங்கினார்கள். என் ஆய்வு அம்போவென்று நின்றது. ஆடி வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆடி வெள்ளியன்று அந்த அம்மாவே ஆளனுப்பி என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டார். பெரிய தராசில் ஒரு தட்டில் புதுப் பாவாடையோடு அவர் மகள், மறுதட்டில் வெல்லம். தட்டு மேலே எழும்பியதும் அவள் வீறிட்டுச் சிரித்தாள். அம்மா அழுதார். எரிச்சல்பட்ட எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். "எங்க புள்ளைங்கள நிறுக்க வந்தியே, நீயும் ஒருதரம் ஏறிப் பாரேம்மா. இன்னா, சம்மதமா?"

நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். இத்தனை பேர் எதிரிலா? வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நான் பதில் சொல்லட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். "சரி" என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து அரை மூட்டை அரிசியைத் தூக்கி வைத்தார்கள். போதவில்லை. தேங்காய்களை அடுக்கினார்கள். அப்போதும் என் தட்டு அசைவேனா என்றது. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. இறங்குவதற்குள் அத்தனை தாய்மார்களும் மறுபடி சம்மதித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் மெஷினை வைத்தபோதுதான் உறைத்தது. ஏறப்போகிற பிள்ளைகளை நான் கேட்கவே இல்லையே! ஒவ்வொருத்தியிடமும் சம்மதமா என்று கேட்டேன். முதலில் நின்ற வெல்லக்காரி யோசித்தாள். "சரி டீச்சர், ஆனா எடைய சத்தமா சொல்லாதீங்க. காதுல சொல்லுங்க."

அன்று அத்தனை பேருக்கும் காதில்தான் சொன்னேன். அதன்பிறகு எத்தனையோ பள்ளிகளில் ஆய்வு செய்துவிட்டேன். பெற்றோர் கையெழுத்து வந்த பின்னும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்டு, அது தலையாட்டிய பிறகுதான் இன்றும் என் வேலை சந்தோஷமாகத் தொடங்குகிறது.