இடது பக்கத்து பால்கனி

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு, ஒரு டப்பா சாக்லேட்டுடன் சூசை அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினோம் — நானும் என் மனைவி ரெஜினாவும். சாக்லேட் அவருக்கு. சண்டையும் அவருக்குத்தான். "கேக்காம வுடமாட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எதற்குச் சண்டை? கப்பலில் ஒரு பால்கனி விஷயம்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்தது. என்ன வேண்டும் என்று கேட்டேன். புடவை, வளையல் என்று ஏதாவது சொல்வாள் என்ற நினைப்பில்தான் கேட்டேன்.

"படுத்துகினே கடலப் பாக்கணும்."

நாங்கள் இருப்பது கல்மண்டபம். கடல் கூப்பிடு தூரம். ஆனால் நடுவில் கன்டெய்னர் லாரி, கோடவுன் கூரை, துறைமுகத்து மதில். அதுவும் போக, விடிவதற்குள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடுகிறவள் எங்கே படுப்பது, எதைப் பார்ப்பது? நியாயமான ஆசைதான்.

சிங்கப்பூரிலிருந்து மூன்று நாள் கப்பல் பயணம் என்று முடிவாயிற்று. பாரிமுனையில் ட்ராவல்ஸ்காரர் ஒரு படத்தை விரித்தார். தீப்பெட்டி அடுக்கின மாதிரி மாடி மாடியாக அறைகள்.

"எதுல வ்யூ நல்லா இருக்கும்?"

"எல்லாத்துலயும் கடல்தான் சார்."

இதைச் சொல்ல ஒரு ஏ.சி. ஆபீஸ்!

படத்தை வாங்கிக்கொண்டு நேரே சூசை அண்ணனிடம் போனேன். பக்கத்துத் தெருக்காரர். துறைமுகத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கப்பல் வந்தால் அதன் கயிற்றை வாங்கிக் கரையிலுள்ள இரும்புக் குத்தியில் மாட்டுவது, புறப்பட்டால் அவிழ்த்துவிடுவது... அதுதான் வேலை. கப்பல் விஷயத்தில் அவரை விட்டால் வேறு யாரைக் கேட்பது?

பென்சிலை எடுத்தார்.

"இது வேணாம் நைனா. முன்னால லைப்போட்டு தொங்கும். கடலுக்கு பதிலா அந்த போட்டு அடியத்தான் பாத்துகினு குந்தணும்."

அந்த அறையைக் கோடு போட்டு அடித்தார்.

"இதுக்கு மேல நீச்சல் குளம். காலங்காத்தால நாற்காலிய இழுப்பானுங்க. பேஜாரு. இத்த பாரு, புகைக் குழா பக்கம். துணி காய வெச்சா கலீஜாயிடும்."

கப்பலில் யாராவது துணி காயப்போடுவார்களா என்று நான் கேட்கவில்லை. ரெஜினா போடுவாள்.

கடைசியில் ஏழாவது மாடி நடுவில் ஓர் அறை மிஞ்சியது. "இடதுகை பக்கமா எடு. அதாம்பா வ்யூ."

"ஏண்ணே?"

"எடுன்னா எடு."

அதோடு விடவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் தங்கை மகனுக்கு போன் போட்டு, அந்தக் கப்பல் எந்தப் பக்கத்தைக் கரைக்குக் கொடுத்து நிற்கும் என்று வேறு விசாரித்தார். நானும் மனம் குளிர்ந்து இடது பக்கமே புக் பண்ணினேன்.

கப்பல் ஏறினோம். ரெஜினா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் ஸ்க்ரீனை இழுத்தாள். எதிரே...

ஷெட். தகரக் கூரை. பெட்டி ஏற்றுகிற வண்டிகள். மஞ்சள் ஹெல்மெட் ஆட்கள்.

"இன்னாங்க, நம்ம ஏரியா மாதிரியே கீது! இத்த பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்?"

எதிர் அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அவர்கள் பால்கனி முழுக்கக் கடல். வயிறு எரிந்தது. அறை மாற்றித் தரக் கேட்டால், எல்லாம் ஃபுல்லாம்.

ரெஜினா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தாள். சங்கு ஊதியது. கீழே தாடி நரைத்த ஒருவர் குத்தியிலிருந்து கயிற்றைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். நிமிர்ந்து, எங்கள் கப்பலைப் பார்த்துக் கையை ஆட்டினார். அக்கம்பக்கத்து பால்கனிகளில் ஒருவரையும் காணோம்.

ரெஜினாவுக்கு என்ன தோன்றியதோ! சடாரென்று எழுந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். "போய்ட்டு வரோம்ணே!"

தமிழ் புரிந்ததோ இல்லையோ, அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினார். கரை சின்னதாகிற வரை இரண்டு பேரும் விடவில்லை.

அப்புறம் ஷெட் போனது, கூரை போனது, எங்கள் பக்கமும் கடல் வந்துவிட்டது. நடுக்கடலில் இடது ஏது, வலது ஏது? மறுநாள் காலை அவளை எழுப்பினேன், டீ வந்திருக்கிறது என்று.

"தண்ணி லாரியா வந்துது? கம்முனு படுங்க."

ஒன்பது மணி வரை படுத்துக்கொண்டே கடலைப் பார்த்தாள். எனக்கு சந்தோஷமாக இருந்தது. இதற்கு இருபத்தைந்து வருஷமா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சரி, சண்டைக்கு வருவோம். சூசை அண்ணன் வாசலிலேயே கேட்டுவிட்டார். "வ்யூ எப்டிம்மா?"

"இன்னா வ்யூ? ஷெட்ட காட்டினீங்க! கெளம்பறப்போ ஒருத்தர் கயிற அவுத்துட்டு கை காட்டினாரு. அவ்ளோதான். நானும் காட்டினேன்."

சாக்லேட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த அண்ணன் கை நின்றது.

"காட்டினியா?"

"ரெண்டு கையாலயும்."

"அவன் பாத்தானா?"

"ஹெல்மெட்ட கழட்டி ஆட்டினாருண்ணே."

அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "அந்தமான் போற கப்பலுக்கெல்லாம் அவுத்துவுட்டு கை காட்டுவேம்மா. மேல கீறவங்க அல்லாம் அந்தாண்ட கடலப் பாத்துகினு நிப்பாங்க. நாப்பது வருசம்... அதான் உங்கள இந்தப் பக்கம் எடுக்க சொன்னேன்."

சண்டைக்கு வந்தவள் டப்பாவிலிருந்து பெரிய சாக்லேட்டாகப் பொறுக்கி, தாளைப் பிரித்து அவர் கையில் வைத்தாள்.

கப்பலில் எந்தப் பக்கம் பால்கனி எடுக்கலாம் என்று இனி யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன் — கயிறு அவிழ்க்கிற பக்கம்!